கழித்தல் குறி விட்டுப்போனால் மனாட்டி வங்கக் கடலில் நீந்தும்

மெக்சிகோவும் பெலீஸும் பங்குபோட்டுக்கொள்ளும் செத்துமால் விரிகுடாவில் ஒருவர், கடல்பசுவுக்கு உறவான மனாட்டி என்ற நீர்விலங்கைப் பார்க்கிறார். இடத்தை 18.5, 88.3 என்று எழுதி அனுப்புகிறார். வரைபடத்தில் போட்டால் புள்ளி வங்கக் கடலில் போய் விழுகிறது. மேற்குத் தீர்க்கரேகைக்கு முன்னால் இருக்க வேண்டிய கழித்தல் குறி விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான். இது நல்ல பிழை. வங்கக் கடலில் மனாட்டி கிடையாது என்பதால் பார்த்த நொடியிலேயே பிடித்துத் திருத்திவிடலாம்.

கண்ணில் படாத பிழைதான் ஆபத்து. அமேசான் கழிமுகம் நிலநடுக்கோட்டின் மேலேயே கிடக்கிறது. அங்கே குறி மாறினால் 0.8 தெற்கு என்பது 0.8 வடக்காகிவிடும். இரண்டு இடத்திலும் ஆறும் சதுப்பும்தான். இரண்டிலும் மனாட்டி இருக்கலாம். வரைபடத்தைப் பார்க்கிறவருக்குச் சந்தேகமே வராது, புள்ளியோ ஏறத்தாழ 180 கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும். கானாவின் வோல்டா ஏரி கிரீனிச் கோட்டின் இரு பக்கமும் பரந்திருக்கிறது. அங்கே தீர்க்கரேகையின் குறி தொலைந்தால் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் நகர்ந்து அதே ஏரியின் இன்னொரு கரையில் புள்ளி விழும். அதை யார் கண்டுபிடிப்பது?

நாடுகளுக்கிடையே மனாட்டித் தரவைப் பகிர்வது பற்றிய பேச்சு பெரும்பாலும் மாநாடு, ஒப்பந்தம், இணையத் தளம் என்றே தொடங்குகிறது. காரியம் கெடுவது அதற்கெல்லாம் முன்னால், கோப்பின் கட்டங்களுக்குள்.

ஒரு விளக்கம். தமிழில் கடல்பசு என்றால் நமக்கு ஆவுளியாதான் நினைவுக்கு வரும். மனாட்டி அதன் உறவு, ஆனால் வேறு விலங்கு. ஆவுளியாவின் வால் திமிங்கிலத்துடையதைப் போலப் பிளந்திருக்கும். மனாட்டிக்குத் துடுப்பு மாதிரி வட்ட வால். மனாட்டியில் மூன்று இனங்கள் உண்டு. மேற்கிந்திய மனாட்டி ஃப்ளோரிடாவிலிருந்து கரீபியன் வழியாகப் பிரேசிலின் வடகிழக்குக் கரை வரை இருக்கிறது. இதில் ஃப்ளோரிடா, அண்டிலியன் என்று இரண்டு துணையினங்கள். அமேசான் மனாட்டி நன்னீரில் மட்டும் வாழும். ஆப்பிரிக்க மனாட்டி செனகல் பக்கத்திலிருந்து அங்கோலா வரை 21 நாடுகளில் இருக்கிறது. ஆற்றோடு ஏறிப்போய், கடலே இல்லாத மாலி, நைஜர், சாட் வரை அது வாழ்வதுதான் வியப்பு. ஓர் ஆற்றின் மேல்பகுதி ஒரு நாட்டில், நடு இன்னொரு நாட்டில், கழிமுகம் மூன்றாவது நாட்டில். எந்த ஒரு நாட்டின் கோப்பும் அந்த ஆற்று மனாட்டிகளின் முழுக் கதையைச் சொல்லாது.

படம்: அனுப்பும் விதத்திலேயே பாதி போய்விடும்

ஃப்ளோரிடாவில் தனித்தனி மனாட்டிகளை அடையாளம் காண்பது தழும்பை வைத்து. படகின் சுழல்விசிறி வெட்டிய கோடுகள், வால் விளிம்பில் பிய்ந்துபோன துண்டுகள், தூண்டில் நூல் இறுக்கிய தடங்கள். விலங்குக்கு அது கொடுமை, ஆய்வாளருக்கு அதுதான் பெயர்ப்பலகை. 1970களின் இறுதியில் தொடங்கிய இந்தப் படப் பட்டியலை அமெரிக்க நிலவியல் ஆய்வு அமைப்பு, ஃப்ளோரிடா மாநில வனவிலங்குத் துறை, மோட் கடல் ஆய்வகம் மூன்றும் சேர்ந்து நடத்துகின்றன. சுருக்கமாக மிப்ஸ் என்பார்கள்.

2007 ஜனவரியில் கியூபாவின் வடகரையில் ஒரு மின் நிலையத்தின் கால்வாயில் கன்றோடு நின்ற மனாட்டியைப் படம் எடுத்தார்கள். படம் ஃப்ளோரிடாவுக்கு வந்தது. கிரிஸ்டல் ரிவர் பகுதியில் சிஆர்131 என்று ஏற்கெனவே பட்டியலில் இருந்த விலங்கு அது. ஃப்ளோரிடா மனாட்டி கியூபா வரை போகும் என்பதற்குக் கிடைத்த முதல் உறுதியான சான்று இதுதான். கழுத்துப்பட்டையும் இல்லை, செயற்கைக்கோளும் இல்லை. ஒரு பக்கம் தெளிவான படம், இன்னொரு பக்கம் ஒழுங்காக வைத்திருந்த பட்டியல், அவ்வளவே.

இது எல்லா முறையும் நடக்காததற்குக் காரணங்கள் மிகச் சாதாரணமானவை. முதல் காரணம் வாட்ஸ்அப். படம் அதில் வந்தால் எடுத்த தேதி, இடம், கேமரா விவரம் எல்லாம் உதிர்ந்துவிடும்; படமும் சுருங்கிவிடும். வால் விளிம்பில் இரண்டு சென்டிமீட்டர் வெட்டு இருந்தால் சுருக்கிய படத்தில் அது நிழலா வெட்டா என்று தெரியாது. மூலக் கோப்பை அப்படியே பகிர்வுக் கோப்புறையில் ஏற்ற வேண்டும். வெட்டவோ வெளிச்சம் கூட்டவோ வேண்டுமானால் நகல் எடுத்து அதில் செய்யலாம். கேமரா கொடுத்த பெயரை மாற்றக் கூடாது. மாற்றினால் பழைய பெயரைத் தனி நெடுவரிசையில் வைக்க வேண்டும். வால் படத்துக்கு "வால்2 இறுதி புதியது" என்று பெயர் வைத்துவிட்டால் மூன்று ஆண்டு கழித்து அது எந்த விலங்கின் வால் என்று யாருக்கும் தெரியாது.

இரண்டாவது, ஒரே பக்கம் எடுத்த படம். இடது பக்கம் மட்டும் உள்ள விலங்கும் வலது பக்கம் மட்டும் உள்ள விலங்கும் ஒன்றேயாக இருக்கலாம். மேலிருந்து முதுகு, இரண்டு பக்கம், வால் முழுவதும் என நான்கு கோணமும் இருந்தால்தான் பட்டியலில் எண் கொடுக்கலாம். அதுவரை "முழுமையற்றது" என்ற பிரிவில் கிடக்கட்டும். அவசரப்பட்டு எண் கொடுத்தால் ஒரே விலங்குக்கு இரண்டு எண் வரும்.

மூன்றாவது, தழும்பு மாறும். புதுக்காயம் முதலில் வெளிறிய வெள்ளையாக இருக்கும், ஆறிய பிறகு சாம்பலாகும். மேலே பாசி படர்ந்தால் பாதி மறையும். பழைய வெட்டின் மேல் புதுவெட்டு விழும். ஒரு விலங்குக்கு ஒரே ஒரு "நல்ல" படத்தை மட்டும் அனுப்புவது பயனில்லை. ஆண்டு வாரியாக எல்லாப் படமும் வேண்டும். வால் விளிம்பில் துண்டு போனது மட்டும் அனேகமாக மாறாது, ஒப்பிடும்போது அதிலிருந்து தொடங்குவது நல்லது.

ஒப்பிடுகிறவர் இருவர் இருக்க வேண்டும்; ஒருவர் சொன்னது தெரியாமல் இன்னொருவர் பார்க்க வேண்டும். மென்பொருள் பத்து இருபது விலங்குகளை முன்னால் எடுத்துவைக்கும், முடிவு சொல்வது மனிதக் கண்தான். எந்தப் பக்கம் தவறினாலும் விளைவு உண்டு. ஒரே விலங்கை இரண்டாக எண்ணினால் தொகை கூடும், உயிர்பிழைப்பு விகிதம் குறைந்து தெரியும். இரண்டை ஒன்றாக்கினால் தொகை குறையும், அதோடு ஒரு மனாட்டி இரண்டு நாட்டுக்கும் போய்வந்ததாகப் பொய்ப் பயணமும் உருவாகும். நாடு தாண்டிய பொருத்தத்துக்கு மூன்றாவது ஆளும் சம்மதிக்க வேண்டும் என்று விதி வைப்பது நியாயம்.

இந்த முறையை அப்படியே தூக்கிக்கொண்டு மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போக முடியாது. ஆறு கலங்கல், விலங்கு மூக்கை மட்டும் நீட்டி மூழ்கிவிடும். அமேசானில் பெரும்பாலான விலங்குகளுக்கு வயிற்றில் வெள்ளைத் திட்டு உண்டு, அதன் வடிவம் விலங்குக்கு விலங்கு வேறு. ஆனால் அதைப் பார்க்க விலங்கு கையில் இருக்க வேண்டும். மீட்பு மையங்களுக்குத்தான் அது உதவும்.

தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சிப்புக்கும் ஒரு வார்த்தை. 125, 128, 134.2 கிலோஹெர்ட்ஸ் என்று வெவ்வேறு அலைவரிசைச் சிப்புகள் புழக்கத்தில் இருக்கின்றன. 134.2 மட்டும் படிக்கும் கருவியால் 125 சிப்பு உள்ள விலங்கைத் தடவிப் பார்த்தால் கருவி அமைதியாக இருக்கும். "சிப்பு இல்லை" என்று பதிவாகிவிடும். சரியான பதிவு "இந்தக் கருவியால், இந்த அலைவரிசையில், கிடைக்கவில்லை" என்பது. தோளின் இரு பக்கமும் வைப்பது வழக்கம் என்பதால் இரண்டு பக்கமும் தடவ வேண்டும்.

வார், கயிறு, மிதவை

செயற்கைக்கோள் கருவியை மனாட்டியின் வால் தொடங்கும் இடத்தில், உடல் சுருங்கும் பகுதியில் வார் போட்டு மாட்டுவார்கள். வாரிலிருந்து வளையக்கூடிய ஒரு நைலான் தண்டு, அதன் முனையில் மிதக்கும் கருவி. வேரிலோ கயிற்றிலோ சிக்கினால் அறுந்துபோகும்படி நடுவில் வேண்டுமென்றே பலவீனமான இணைப்பு வைத்திருப்பார்கள். வாரிலும் காலப்போக்கில் துருப்பிடித்து விடுபடும் துண்டு உண்டு. விலங்கு மாட்டிக்கொண்டு சாவதைவிடக் கருவி தொலைவது மேல்.

அதனால் கருவி அறுந்து மிதப்பது சாதாரணம். அப்போதும் அது இடத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். கோப்பை வாங்கிய வெளிநாட்டுக் குழு அதை மனாட்டியின் பயணமாக எண்ணிக் கோடு வரைந்துவிடும். கண்டுபிடிக்க மூன்று தடயம் உண்டு: அசைவை எண்ணும் உணரியின் எண் ஒரே மாதிரி தட்டையாகிவிடும், விலங்கு மூழ்கும்போது வரும் இடைவெளி நின்று சிக்னல் திடீரென ஒழுங்காக வரும், பாதை நீரோட்டத்தோடும் காற்றோடும் அப்படியே ஒத்துப்போகும். அறுந்த நாளை மாட்டிய குழு குறித்து அனுப்ப வேண்டும். அந்த நாளுக்குப் பிறகான வரிசைகளை அழிக்காமல் "விலங்கில் இல்லை" என்று குறியிட்டால் போதும்.

ஆனால் கருவி ஆழ்கடல் பக்கம் ஓடினாலே அறுந்துவிட்டது என்று முடிவுகட்டவும் கூடாது. பிரேசிலின் சியாரா மாநிலத்தில் வளர்த்து 2022 ஜூலையில் கடலில் விடப்பட்ட டிக்கோ என்ற அண்டிலியன் மனாட்டி கரையை விட்டு விலகி வடமேற்காகப் போய்க்கொண்டே இருந்தது. சுமார் 4,000 கிலோமீட்டர் தாண்டி வெனிசுலா கடற்பகுதியில் மீட்டபோது விலங்கு உயிரோடு கருவியுடன்தான் இருந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் தேவைப்படுவது ஆண்டுக்கொரு முறை ஏற்றும் தரவுத்தளம் அல்ல. அன்றைய இடத்தை அன்றே பக்கத்து நாட்டில் யாருக்கு அனுப்புவது, இரவில் தொலைபேசி எடுப்பவர் யார், படகு யாரிடம் இருக்கிறது என்ற ஒரு பக்கப் பட்டியல். விலங்கை விடுவதற்கு முன்பே அது தயாராக இருக்க வேண்டும். கடல் எல்லையைத் தாண்டிய பிறகு தேடத் தொடங்கினால் வாரம் போய்விடும்.

இடத்தின் துல்லியமும் கூடவே போக வேண்டும். ஆர்கோஸ் என்ற செயற்கைக்கோள் முறையில் வரும் இடங்களுக்குத் தர எண் உண்டு: 3 என்றால் பிழை 250 மீட்டருக்குள், 2 என்றால் 500 வரை, 1 என்றால் 1,500 வரை, 0 என்றால் அதற்கும் மேல், ஏ, பி என்றால் பிழையின் மதிப்பே கிடையாது. பகிரும்போது "எளிமையாக இருக்கட்டும்" என்று இந்த நெடுவரிசையைத் தூக்கிவிடுகிறவர்கள் உண்டு. பிறகு அறுபது மீட்டர் அகலக் கால்வாயில் மனாட்டி எந்தக் கரையில் மேய்ந்தது என்று அந்தத் தரவை வைத்து யாராவது எழுதுவார்கள்.

நேரம் இன்னொரு பொறி. செயற்கைக்கோள் உலகப் பொது நேரத்தில் பேசும், களத்தில் இருப்பவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். செத்துமால் விரிகுடாவையே எடுங்கள். மெக்சிகோ பக்கம் இருக்கும் கின்தானா ரோ மாநிலம் 2015 பிப்ரவரியில் நேர மண்டலத்தை மாற்றி, உலகப் பொது நேரத்துக்கு 5 மணி பின்னால் வந்தது. எதிர்க்கரை பெலீஸ் 6 மணி பின்னால். ஒரே நீர், ஒரே மனாட்டி, கரைக்குக் கரை ஒரு மணி வேறுபாடு. இரண்டு குழுவும் "காலை 7:10" என்று எழுதினால் ஒரு விலங்கு இரண்டாகும், அல்லது இரண்டு விலங்கு ஒன்றாகும். களத்தில் எந்த நேரம் எழுதினாலும் சரி, கோப்பில் 2019-04-03T07:10-05:00 என்பது போல ஆண்டு முதலிலும் மண்டல வேறுபாடு கடைசியிலும் வர வேண்டும். 03/04/2019 அமெரிக்காவில் மார்ச் 3 அல்ல, மார்ச் 4. பிரேசிலில் ஏப்ரல் 3.

எக்செல் இதில் தனி வில்லன். பல ஸ்பானிஷ் அமைப்புகளிலும் போர்ச்சுகீஸ், பிரெஞ்சு அமைப்பிலும் தசமத்துக்குக் காற்புள்ளி போடுவார்கள்: 18,52. ஆங்கில அமைப்புள்ள கணினியில் அதைத் திறந்தால் 1852 ஆகலாம், அல்லது 18 ஒரு கட்டத்திலும் 52 அடுத்த கட்டத்திலும் போய் உட்காரும். பாகையும் கலையுமாக எழுதிய 18°30' என்பதை யாராவது 18.30 என்று தட்டினால் இடம் 22 கிலோமீட்டர் தள்ளிப்போகும், ஏனென்றால் 30 கலை என்பது அரைப் பாகை. பழைய வரைபடங்களில் என்ஏடி27 என்ற பழைய நில அளவையில் குறித்த இடங்களை, ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ்84 அளவை என்று எண்ணி ஏற்றுவதும் உண்டு. ஊருக்கு ஊர் வேறுபடும், நூறு இருநூறு மீட்டர் வரை போகும். திறந்த கடலில் அது ஒன்றுமில்லை. ஊற்றுக்கும் ஆற்றுக்கும் நடுவே விலங்கு எங்கே படுத்திருந்தது என்ற கேள்விக்கு அதுவே பதிலை மாற்றிவிடும்.

இறந்த உடல்களின் கணக்கு

ஒப்பிடவே கூடாத எண்களை அதிகம் ஒப்பிடுவது இங்கேதான். 2021இல் ஃப்ளோரிடாவில் 1,100 மனாட்டிகள் இறந்ததாகப் பதிவானது. அட்லாண்டிக் கரையில் இந்தியன் ரிவர் காயலில் பாசி பெருகிக் கடற்புல் அழிந்து, பட்டினி கிடந்து செத்தவை ஏராளம். அதே ஆண்டு மேற்கு ஆப்பிரிக்க நாடொன்றின் கோப்பில் மூன்று என்று இருந்தால் அங்கே நிலைமை நன்றாக இருக்கிறது என்று பொருளா? ஃப்ளோரிடாவில் 1974 முதல் ஒவ்வோர் உடலையும் மீட்டுப் பதியும் ஏற்பாடு இருக்கிறது; பொதுமக்கள் அழைக்கத் தொலைபேசி எண் இருக்கிறது. அங்கே எண் என்பது இறப்பையும் காட்டும், தேடலையும் காட்டும். இறைச்சிக்காக ரகசியமாகப் பிடிக்கும் ஆற்றங்கரையில் உடலே மிஞ்சாது.

வகைப்பாடும் சிக்கல்தான். ஃப்ளோரிடாவின் பட்டியலில் "பிறப்புக் காலம்" என்று ஒரு பிரிவு உண்டு. 150 சென்டிமீட்டரும் அதற்குக் குறைவும் உள்ள, வேறு காரணம் தெரியாத கன்றுகள் அதில் சேரும். பெயரைக் கேட்டால் சாவுக்கான காரணம் போலத் தெரிகிறது. உண்மையில் அது நீளம். இன்னொரு நாட்டில் வலையில் மாட்டிய 140 சென்டிமீட்டர் கன்றை "வலை" என்று போட்டிருப்பார்கள், மற்றொன்றில் வெறுமனே "குட்டி" என்றிருக்கும். மூன்றையும் ஒரே நெடுவரிசையில் கொட்டினால் கிடைப்பது குப்பை. நீளம், காரணம், காரணத்தின் உறுதி மூன்றையும் தனித்தனி நெடுவரிசையாகப் பிரித்தால் எந்த நாட்டின் வகைப்பாட்டையும் பிறகு உருவாக்கிக்கொள்ளலாம்.

நீளம் என்றாலே எப்படி அளந்தது என்று கேட்க வேண்டும். மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை தரையில் நேர்கோடாக அளப்பது ஒன்று. நாடாவை முதுகின் வளைவின் மேல் போட்டு அளப்பது இன்னொன்று. பருத்த விலங்கில் இரண்டாவது கணிசமாகக் கூடும். உடல் உப்பியிருந்தால் இன்னும் கூடும். "நீ.250" என்று எழுதிவிட்டுப் போனால் யாருக்கும் பயனில்லை.

அழுகல் நிலையையும் எழுத வேண்டும். 1 உயிருள்ளது, 2 புதியது, 3 ஓரளவு அழுகியது, 4 மிக அழுகியது, 5 எலும்பும் காய்ந்த தோலும் என்ற வரிசை பரவலாகப் புழங்குகிறது. 2018இல் மெக்சிகோவின் தபாஸ்கோவில் மனாட்டிகள் அடுத்தடுத்து செத்தபோது உடல்கள் பெரும்பாலும் அழுகிய பிறகே கையில் கிடைத்தன. வெப்பமண்டல ஆற்றில் ஒரு நாள் என்பது நீண்ட நேரம். நிலை 4இல் எடுத்த கல்லீரலில் நச்சுப்பொருள் கிடைக்கவில்லை என்றால் நச்சு இல்லை என்று ஆகாது. நிலை எண் இல்லாத ஆய்வக முடிவை வாங்கிக்கொள்வதில் அர்த்தமில்லை.

வயதுக்குப் பல் உதவாது. மனாட்டியின் கடைவாய்ப் பற்கள் பின்னாலிருந்து முன்னால் நகர்ந்து உதிர்ந்துகொண்டே இருக்கும், வாழ்நாள் முழுவதும் புதியவை வரும். காதெலும்பை வெட்டி அதன் வளர்ச்சி வளையங்களை எண்ணுகிறார்கள். கைப்பிடி அளவு எலும்புதான், ஆனால் அதை எல்லை தாண்டி அனுப்புவது பெரிய வேலை.

ஒரு பட்டாணி அளவு தோல்

மரபணு ஆய்வுக்கு வேண்டியது வால் விளிம்பிலிருந்து ஒரு பட்டாணி அளவு தோல். இருபது சதவீதம் டிஎம்எஸ்ஓ, 0.25 மோலார் இடிடிஏ, உப்பு கரையாமல் அடியில் தங்கும்வரை சேர்த்த கரைசலில் போட்டால் குளிர்பெட்டி இல்லாமலேயே அறை வெப்பத்தில் மாதக்கணக்கில் தாங்கும். எத்தனாலும் நல்லதுதான், ஆனால் விமானத்தில் அது தீப்பற்றும் சரக்கு. துண்டு பெரிதாக இருந்தால் கரைசல் உள்ளே ஊறாது, நடுப்பகுதி அழுகிவிடும். கீறிவிட்டுப் போட வேண்டும். குப்பியின் மேல் மார்க்கர் பேனாவில் எழுதினால் கரைசல் ஒரு துளி கசிந்தாலும் எழுத்து கரைந்துபோகும். பென்சிலில் எழுதிய தடித்த காகிதத் துண்டைக் குப்பிக்குள்ளேயே போடுவதுதான் பாதுகாப்பு.

எடுத்த உடனேயே இரண்டாகப் பிரித்து ஒரு பாதி அந்த நாட்டிலேயே இருக்கட்டும். பகிர்வு ஒப்பந்தத்தில் வேறு எதை விட்டுக்கொடுத்தாலும் இதை விடக் கூடாது. தென்னமெரிக்காவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் மாதிரி வெளியே போய், முடிவு திரும்பி வராமல் போன கசப்பு பல இடங்களில் இருக்கிறது. புதிதாகக் கேட்டுப் போகிறவருக்குத் தயக்கம்தான் பதிலாகக் கிடைக்கும், அது நியாயமும்கூட.

அடுத்தது சைட்டஸ் அனுமதி, அதாவது அழியும் நிலையிலுள்ள உயிரினங்களை எல்லை தாண்டி அனுப்புவதைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்பாட்டின் அனுமதி. மனாட்டி இனங்கள் எல்லாமே இப்போது அதன் மிகக் கடுமையான பட்டியலான முதல் பின்னிணைப்பில் இருக்கின்றன. ஆப்பிரிக்க மனாட்டி 2013இல்தான் அங்கே ஏறியது. முதல் பின்னிணைப்பு என்றால் இரண்டு அனுமதி: இறக்குமதி செய்யும் நாடு முதலில் கொடுக்க வேண்டும், அதைக் காட்டித்தான் ஏற்றும் நாட்டில் வாங்க முடியும். இறக்குமதி அனுமதி 12 மாதம் செல்லும், ஏற்றுமதி அனுமதி 6 மாதம்தான். பலர் மாட்டிக்கொள்வது இங்கே: ஏற்றுமதி அனுமதி கையில் வந்த பிறகு கால்நடைத் துறைச் சான்றுக்கும் சரக்கு நிறுவனத்துக்கும் அலைந்து ஆறு மாதத்தைத் தீர்த்துவிடுகிறார்கள். அவற்றை முன்பே முடித்துவைத்துவிட்டு ஏற்றுமதி அனுமதியைக் கடைசியில் கேட்க வேண்டும். விலங்கைத் தொடாமல் மிதந்து கிடைத்த சாணம் சைட்டஸ் கட்டுப்பாட்டில் வராது என்பது ஒரு நல்ல வழி. உணவு ஆய்வுக்கும் அதுவே போதும். உள்நாட்டுச் சட்டமும், மரபு வளங்களின் பயனைப் பகிர்வது பற்றி 2014 முதல் நடப்பில் உள்ள நகோயா உடன்பாட்டின்படி அந்தந்த நாடு வைத்திருக்கும் விதிகளும் சாணத்துக்கும் பொருந்தலாம். கேட்டுவிட்டு அனுப்புவது நல்லது. மரபணு வரிசையைப் படித்த பிறகு எழுத்துகளை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பலாம், ஆய்வகம் உள்ளூரிலேயே இருந்தால் எல்லை தாண்டும் தொல்லையே இல்லை.

எழுத்துகளாக அனுப்பினாலும் ஒரு சிக்கல் உண்டு. ஃப்ளோரிடாவில் பார்த்த மனாட்டிகளின் மைட்டோகாண்டிரிய (தாய்வழி வரும்) மரபணு வகை ஒன்றே ஒன்று, ஏ01. புவேர்ட்டோ ரிக்கோவிலும் அதே ஏ01 இருக்கிறது. ஆக ஒரு விலங்கில் ஏ01 கிடைத்தால் அது ஃப்ளோரிடாவிலிருந்து வந்தது என்று சொல்லிவிட முடியாது. நுண்மீள்வரிசைக் குறிகள், அதாவது சில எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் மரபணுத் துண்டுகள், வேண்டும். அவற்றின் நீளத்தை ஒரு ஆய்வகம் 182 என்று படிக்கும், வேறு எந்திரமும் வேறு சாயமும் உள்ள ஆய்வகம் 184 என்று படிக்கும். இரண்டு அட்டவணையையும் நேராகச் சேர்த்தால் ஒரே கூட்டம் இரண்டு கூட்டமாகத் தெரியும். பத்துப் பன்னிரண்டு பொது மாதிரிகளை இரண்டு இடத்திலும் ஓட்டி, ஒவ்வொரு குறிக்கும் எவ்வளவு நகர்கிறது என்று முதலில் எழுதிக்கொள்ள வேண்டும்.

எதை மறைப்பது

எல்லாவற்றையும் திறந்துவைப்பதும் சரியல்ல, எல்லாவற்றையும் பூட்டிவைப்பதும் சரியல்ல. கிரிஸ்டல் ரிவரில் குளிர்காலத்தில் மனாட்டி கூடும் என்பது சுற்றுலாப் பயணிகளுக்கே தெரியும், அதை மறைப்பது வீண். வறட்சியில் ஆற்றுக் குழியில் ஒதுங்கி நிற்கும் ஆப்பிரிக்க மனாட்டிகளின் இடத்தை நான்கு தசமத்தோடு வெளியிட்டால் அது வேட்டைக்காரருக்கு வழிகாட்டி. அப்படிப்பட்டவற்றை 0.1 பாகைக்குச் சுருக்கினால் சுமார் 11 கிலோமீட்டர் கட்டத்துக்குள் இடம் கலந்துவிடும்.

சிலர் உண்மையான புள்ளியைச் சுற்றித் தாறுமாறாக நகர்த்தி வெளியிடுகிறார்கள். இது ஏமாற்று வேலை. ஒரே குழியில் நாற்பது பதிவு இருந்தால் நாற்பதின் சராசரி எடுத்தாலே குழியின் நடுப்புள்ளி வந்துவிடும். சுருக்குவதே நல்லது, அதுவும் சுருக்கினோம் என்று அதே வரியில் எழுதிவிட்டு. உயிரினப் பதிவுகளைப் பகிரப் பயன்படும் டார்வின் கோர் என்ற பொது அமைப்பில் அதற்கென்றே இரண்டு புலங்கள் இருக்கின்றன: எதைப் பொதுமைப்படுத்தினோம், எதை நிறுத்திவைத்தோம். நிரப்பாமல் விட்டால் வாங்கியவர் சுருக்கிய எண்ணைத் துல்லியமான எண்ணாக எடுத்துக்கொள்வார். படத்துக்குள் ஒளிந்திருக்கும் ஜிபிஎஸ் எண்ணையும் வெளியீட்டு நகலிலிருந்து நீக்க வேண்டும். அட்டவணையில் மறைத்துவிட்டுப் படத்தில் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது.

ஒப்பந்தம் இரண்டு பக்கம் போதும். யாருடைய தரவு, எதற்குப் பயன்படுத்தலாம், மூன்றாவது ஆளுக்குக் கொடுக்கலாமா, எத்தனை மாதம் கழித்துத் திறக்கும், கட்டுரையில் பெயர் எந்த வரிசையில், பிழை திருத்தினால் எல்லோருக்கும் சொல்வது யார் பொறுப்பு. அந்தந்த நாட்டு மொழியிலும் ஒரு பிரதி வேண்டும். அரசியல் குறுக்கே நிற்கும் இடமும் உண்டு. அமெரிக்காவும் கியூபாவும் 2015 நவம்பரில் கடல் பாதுகாப்பில் ஒத்துழைக்க உடன்பாடு போட்டன. ஆனாலும் கருவி ஒன்றைப் பெட்டியில் போட்டு அனுப்ப, கியூபா மீதான அமெரிக்க வணிகத் தடைச்சட்ட உரிமம் பார்க்க வேண்டும். மின்னஞ்சலில் போகும் தழும்புப் படத்துக்கு அந்தப் பாடு இல்லை. சிஆர்131 விஷயத்தில் வேலை செய்ததும் அதுதான்.

பார்க்காத நாளின் வரி

பகிர வந்த கோப்புகளில் எப்போதும் காணாமல் போவது ஒன்று உண்டு: மனாட்டி தென்படாத நாள். பார்த்த பன்னிரண்டு இடங்கள் இருக்கும், தேடிப் பார்த்தும் கிடைக்காத எண்பது பயணங்கள் இருக்காது. "அதில் என்ன இருக்கிறது அனுப்ப?" என்பார்கள். அவை இல்லாமல் பன்னிரண்டு என்பது கூடியதா குறைந்ததா என்று சொல்லவே முடியாது. ஃப்ளோரிடாவிலேயே 1991இல் தொடங்கிய குளிர்கால விமான எண்ணிக்கை வெறும் தலை எண்ணிக்கைதான். குளிர் அதிகமான நாளில் ஊற்றுகளில் கூட்டம் சேரும், எண் ஏறும். தப்பவிட்டவற்றையும் கணக்கிட்ட மதிப்பீடு 2015–16இல் 8,810, 2021–22இல் 9,790. முதல் மதிப்பீட்டின் எல்லை 7,520 முதல் 10,280 வரை, இரண்டாவதன் எல்லை 8,350 முதல் 11,730 வரை. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று படிகின்றன, ஆகவே கூடிவிட்டது என்று அடித்துச் சொல்ல இடமில்லை. இவ்வளவு செலவழித்த இடத்திலேயே இதுதான் நிலை.

கலங்கிய ஆற்றில் விமானம் பயன்படாது. படகில் பக்கவாட்டு சோனார் வைத்துப் பார்க்கிறார்கள். 455 கிலோஹெர்ட்ஸில் அகலமாகத் தெரியும், 800இல் தெளிவாகத் தெரியும், தூரம் குறையும். அடிமரமும் மனாட்டி போலவே நீள்வட்டமாகத் தெரியும் என்பதால் திரைப்பதிவுக் கோப்பையும் சேர்த்தே பகிர வேண்டும். பயணக் கோப்பில் ஒரு நாளின் வரி இப்படி இருக்கும்: தேதி, தொடங்கிய நேரம் 06:20, முடித்த நேரம் 10:05, ஓடிய தூரம் 14.2 கிலோமீட்டர், வேகம் மணிக்கு 5 கிலோமீட்டருக்குள், சோனார் 455, ஒரு பக்க வீச்சு 30 மீட்டர், நீரின் ஆழம் 2 முதல் 6 மீட்டர், பார்வை ஆழம் 25 சென்டிமீட்டர், பார்த்தவர் இருவர், மனாட்டி 0. கடைசிக் கட்டத்தைக் காலியாக விடக் கூடாது. காலி என்றால் எழுத மறந்தது. 0 என்றால் தேடினோம், இல்லை.